கிற்றாரும் தனிப்பயிற்சியும்

சனிக்கிழமை காலைகளில் மடவளையிலிருந்து கண்டிக்கு வரும் பேருந்தில், பெரியதோர் உறையைத் தோளிற் சுமந்தபடி நிற்கும் மாணவனை நம்மிற் பலரும் கண்டிருப்போம். உறையினுள் இருப்பது கிற்றார். நெரிசலில் அதனைக் காத்து, மகாவலியைக் கடந்து, ஆசிரியர் ஒருவரின் வீட்டையடைந்து, ஒரு மணி நேரம் பயின்று மீள்கிறான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இவ்வாறு செல்பவன் பதினோராம் வகுப்பிற் செல்வதில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது; கிற்றார் அலுமாரியின் மேல் ஏறிவிட்டது. பெற்றார் கைக்கொள்ளும் இவ்வழக்கம் தவறானது என்பதே எமது துணிபு.

'பைலாப் பாட்டுக்குரிய கருவிதானே, அது நின்றால் என்ன?' என்பார் உளர். வயலினும் மேனாட்டிலிருந்தே வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில், ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்றார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது. மண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) கற்ற விதம் இன்னும் வியப்புக்குரியது. அவருடைய குருவாகிய ருத்ரராஜு சுப்பராஜு மண்டலின் வாசிக்க அறியாதவர். அவர் பாடுவார், சிறுவன் கேட்டுத் தந்தியில் எழுப்புவான். கிற்றாரிலேயே கருநாடக இசையை வாசிப்பவராக ஆர். பிரசன்னா இருக்கின்றார். ஆகவே, கருவி எந்நாட்டினது என்பதனை விட, மாணவன் எவர்முன் அமர்ந்து கற்கிறான் என்பதே கவனிக்கத்தக்கது.

கிற்றாரின் முதற் சில வாரங்கள் விரலுக்கே உரியவை. தந்தியை அழுத்த அழுத்த இடக்கை விரல்நுனிகள் சிவந்து நோகும். தோல் தடித்த பின்னரே நோவு நீங்கும். தொடங்குவோர்க்கு உலோகத் தந்தியினும் நைலோன் தந்தி இதமானது. தந்திகள் பலகையினின்று மிக உயர்ந்திருப்பின், எத்தனை முயன்றும் சுரம் தெளிவாக எழாது. குறை கருவியினது, பிள்ளையோ தன் கையையே நொந்துகொள்வான். நம் மலைநாட்டு மழைக்கால ஈரம் மரத்தையும் வீங்கச் செய்யும். இவற்றை அருகிருக்கும் ஆசிரியரே கண்டறிவார். கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் ஆசிரியர் அழகாக வாசித்துக் காட்டலாம். மாணவனின் மணிக்கட்டு கோணியிருப்பதை அவர் காணார்.

பரீட்சைக்காக நம் பிள்ளைகள் செல்லும் தனியார் வகுப்புகளின் நிலை யாவரும் அறிந்ததே. ஒலிவாங்கியிற் பேசும் ஆசிரியருக்குப் பின்வரிசையில் இருப்பவனின் பெயரும் தெரியாது. வாரம் முழுவதிலும் ஒரு பெரியவர் அவனொருவனையே நோக்கி, 'இதனை மறுபடி செய்' என்று கூறுவது அந்தக் கிற்றார் பாடத்தில் மட்டுமே. கண்ணும் மனமும் களைக்கும் ஆண்டிலேயே அதனைப் பறிக்கின்றோம்.

இதனை எழுதும் நாமும் ஒருகாலத்தில் நிறுத்தியவரே. 'பல்கலைக்கழகம் புகுந்தபின் தொடரலாம்' என்றார் தந்தையார். பல வருடங்களின் பின் உறையைத் திறந்தபோது, தளர்த்தாமல் விட்ட தந்திகளின் இழுவையில் குதிரை பலகையினின்று பெயர்ந்து கிடந்தது. அதனை ஒட்டுவித்தோம். தடித்திருந்த விரல்நுனிகள் என்றோ மென்மையாகிவிட்டிருந்தன.

வாரத்தில் ஒரு மணி நேரப் பாடத்தையும், நாளுக்கு இருபது நிமிடப் பழக்கத்தையும் விடுவதால் எவனும் கணிதத்தில் முதன்மை பெற்றுவிடான். நிற்க, கட்டணமும் பேருந்துச் செலவும் தாங்காமல் இக்கல்வியைத் தொடங்கவே இயலாதவர், மடவளையிலும் வத்தேகமப் பகுதித் தோட்டங்களிலுமிருந்து வரும் நம் மாணவரிடையே இல்லாமலில்லை. விழாவுக்குச் சேரும் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு கல்லூரிக்கு ஆறு கிற்றார்கள் வாங்கலாம். சனிக்கிழமைகளில் ஓர் அறையைத் திறந்து, ஆசிரியர் ஒருவருக்கு வேதனம் வழங்கலாம். அறுவரையும் ஒருங்கே வாசிக்கச் செய்தல் கூடாது. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். ஏனையோர் இருந்து கேட்கட்டும். வளைவு அலங்காரத்துக்கும் விருந்துக்கும் ஆகும் செலவினும் இது மிகாது. பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.