'மியூல்' எண்டு சொல்லாதேங்கோ

ஒன்லைன் கேமில எங்கட பெடியள் கனபேர் ரெண்டு கரக்டர் வைச்சிருக்கினம். ஒண்டு சண்டைக்கு; மற்றது வாள் அடிக்க, கவசம் செய்ய மட்டும். அதுக்குப் பேர் 'மியூல்', பொதி சுமக்கிற கோவேறு கழுதை!

தனிக் கரக்டர் வைக்கிறதில பிழையில்லை. 1997இல் வந்த அல்டிமா ஒன்லைனில் ஒரு கரக்டருக்குத் தொடக்கத்தில் மொத்தம் 700 திறன்புள்ளிகள்தான். சண்டை, கைத்தொழில் எல்லாத்திலயும் உச்சத்துக்குப் போக அது காணாது. ஆனால் அது கேம் போட்ட விதி, இயற்கை இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரே கரக்டர் சண்டையோடு எட்டுக் கைத்தொழிலும் பழகலாம்.

பிழை எங்கட வாயில. டிராகனை வெட்டினவன் வீரன். வாள் செய்தவனிட்ட மட்டும் "சும்மா ஒண்டு செய்து தா மச்சான்".

திருமலைத் துறைமுகத்தடியில வளர்ந்த எங்களுக்கு இது விளங்காதா? வலை பொத்துறவர், எஞ்சின் திருத்துறவர் இல்லாமல் எந்த வள்ளம் கடலுக்குப் போகும்? தொழிலை வைச்சு ஆளை அளக்கிறது பிழை எண்டு ஊரில கதைச்சிட்டு, கேமுக்குள்ள அதையே செய்யிறம்.

அல்டிமாவில தேர்ந்த கொல்லன், தான் செய்த பொருளில தன் பேரைப் பொறிக்கலாம். கேமே பேரைச் சொல்லுது. நீங்களும் சொல்லுங்கோ, கூலியையும் குடுங்கோ.