மூச்சும் வேலையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வாழும் எங்களுக்கோ செல்வம் தேடிப் போகிற இடத்திலேயே நோயும் கிடைக்கிறது. உருக்காலை, உருட்டாலை, பெயிண்டுப் பட்டறை என்று வரிசையாக நிற்கும் ஊர் இது. நாற்பது வயதில் ஒருவருக்கு இளைப்பு வந்தால், “பீடி பிடித்திருப்பார்”, “பனி ஒத்துக்கொள்ளவில்லை” என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார் இல்லை. மருத்துவரும் கேட்பதில்லை என்பதே என் குறை.

ஆஸ்துமா சிறுவயதில்தான் தொடங்கும் என்பது பிழையான எண்ணம். வளர்ந்தவர்க்கும் புதிதாக வரும். அவருள் ஒரு பகுதியினர்க்கு வேலைத்தலமே காரணம். பற்றவைப்புப் புகை, பேக்கரி மாவு, மரத்தூள், சிலவகைப் பெயிண்டிலுள்ள ஐசோசயனேட்டு ஆகியவை மூச்சுக்குழாய்க்கு ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. முதல் நாளே தெரியாது. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்து ஓர் இரவு நெஞ்சில் விசில் கேட்கும். அதன்பின் மிகச் சிறிதளவு பட்டாலும் போதும். நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் படிக்கும் அதே பொருளை, எங்கள் தெரு அண்ணன்மார் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தெளிக்கிறார்கள்!

என் தந்தையார் ஓர் உருட்டாலைத் தொழிலாளி. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பாட்டி ஊரில் இருந்தால் நன்றாக நடப்பார். திரும்பி வந்து மூன்றாம் நாள் ஷிப்டு முடிந்ததும் திண்ணையில் குந்தி மூச்சுக்கு ஏங்குவார். தனியார் மருத்துவர் ஒருவர் ஆறு ஆண்டுகள் ஊசி போட்டார்; ஒரு முறையேனும் ஊதச் சொல்லிப் பார்த்தாரில்லை. “லீவு நாளில் எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்குக் காசு செலவில்லை அன்றோ? பின்னர் அரசு மருத்துவமனையில்தான் ஸ்பைரோமீட்டரில் ஊதினார். மருந்துக்கு முன் ஒரு முறை, மருந்தை இழுத்துக் கால்மணி நேரம் கழித்து ஒரு முறை. முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்குச் சான்று. அவருக்குக் கூடியது.

இன்ஹேலர் என்றதும் அம்மா, “பம்பு வேணாம்பா, பழகிப் போயிடும்” என்றார். ஊரே அப்படித்தான் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லி கிராம், இன்ஹேலரின் ஓர் அழுத்தம் 100 மைக்ரோ கிராம். நாற்பதில் ஒரு பங்கு! அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஆனால் சால்பூட்டமால் இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர வீக்கத்தை ஆற்றாது. ஆற்றுவது பியூடசொனைடு போன்ற, இழுக்கும் ஸ்டீராய்டு. சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வல்லுநர் அமைப்பான ஜைனா 2019இல் அறிவித்தது. இளைப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவது நம்மவர் வழக்கம், அங்கேதான் கெடுகிறது. (ஆண்டுதோறும் ஜூனில் ஐதராபாத்துக்கு மீன் மருந்து விழுங்கப் போகிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அது குணமாக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. போகிறபோது இன்ஹேலரையும் எடுத்துச் செல்லட்டும்.)

மருந்து மட்டும் போதுமா? காரணப் பொருளிலிருந்து எவ்வளவு விரைவில் விலகுகிறாரோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தொழில்வழி ஆஸ்துமாவும் இடம்பெற்றிருந்தது. என்றாலும் நானறிந்த ஒப்பந்தத் தொழிலாளர் எவரும் நோயை வெளியே சொல்லத் துணிவதில்லை. சொன்னால் மறுநாள் கேட்டில் வேறொருவர் நிற்பார். வேறு பிரிவுக்கு மாற்றித் தரும் பொறுப்பு ஆலைக்கே உரியது. முகமூடி ஒன்றைக் கொடுத்துக் கணக்கு முடிப்பது ஏமாற்று.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. நம் பகுதியில் அந்தப் பையில் இன்ஹேலரும் வரவேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இரத்த வகை பார்க்கிறோம். சில நூறு ரூபாய் விலையுள்ள பீக் ஃபுளோ மீட்டர் நான்கு வாங்கினால், வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தொழிலாளரை ஊதச் சொல்லிக் குறித்துத் தரலாம். அந்தத் தாளைக் கையில் கொண்டு போனால் மருத்துவர் கேட்டே ஆகவேண்டும். வரும் முகாமுக்கே இதைச் செய்யலாம் என்று திட்ட அலுவலரான பேராசிரியரை வேண்டிக்கொள்கிறேன்.