வலி தெரியாமல் இருக்க ஒரு களிம்பு

காலில் உள்ள முடியை அகற்ற லேசர் ஒளிச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் சுரீர் சுரீர் என்று வலிக்கும். வலி தெரியாமல் இருக்க, தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்றைத் தடவிக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் இரண்டு பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒருவருக்கு வயது 22. இன்னொருவருக்கு வயது 25. கால்களில் களிம்பைப் பூசினார்கள். அது நன்றாக வேலை செய்யட்டும் என்று, சொல்லிக்கொடுத்தபடியே, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார்கள். இருவருக்கும் வலிப்பு வந்தது. நினைவு தப்பியது. இருவருமே இறந்துபோனார்கள்.

நோய் இல்லை, நொடி இல்லை. அழகுக்காகச் செய்துகொள்ளும் ஒரு சின்னக் காரியம். அதற்கு இரண்டு உயிர்கள்! 2007-ம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சாவுகளை எடுத்துச் சொல்லி மக்களை எச்சரித்தது.

களிம்பு எப்படிக் கொல்லும்?

தோலில் தடவுவது தோலோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நிற்பதில்லை. இந்தக் களிம்புகளில் பெரும்பாலும் இருப்பது லிடோகைன் என்ற மருந்து. பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் ஊசியிலும் இது உண்டு. வலியின் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகாமல் இது தடுக்கிறது. தோல் வழியாகக் கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கிறது. கொஞ்சம் என்றால் ஈரல் அதைக் கழித்துவிடும். அளவு மீறினால், நரம்பை அடக்கிய அதே மருந்து மூளையையும் இருதயத்தையும் தாக்கும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 4 சதவீதக் களிம்பு 30 கிராம் வாங்கினால் அதில் மருந்து 1.2 கிராம். 20 சதவீதக் களிம்பு என்றால் அதே 30 கிராமில் 6 கிராம். குழாய் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது ஐந்து மடங்கு! அந்தப் பெண்கள் பூசியதிலும் லிடோகைன், டெட்ராகைன் என்ற இரண்டு மருந்துகள் அதிக அளவில் இருந்தன.

பிளாஸ்டிக் சுற்றினால் என்ன ஆகும்? காற்றுப் படாமல் தோல் சூடேறி, வேர்த்து, ஊறிப்போகும். ஊறிய தோல் மருந்தை வேகமாக உறிஞ்சும். புண், சிரங்கு, சிராய்ப்பு உள்ள இடமும் அப்படித்தான்.

“ஆஸ்பத்திரியில்கூட களிம்பு வைத்து மூடுகிறார்களே?” என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே மூடுவது ஊசி குத்தப்போகும் சிறு இடத்தை. களிம்புக்குக் கிராம் கணக்கு உண்டு. நேரக் கணக்கு உண்டு. பக்கத்தில் ஆள் உண்டு. வீட்டில் இரண்டு காலையும் மூடிக்கொண்டு உட்காருவது வேறு விஷயம்.

பெண்கள் மேல் பழி போடுவது நியாயம் அல்ல. அவர்கள் சொன்னபடி செய்தவர்கள். சொன்னவர்கள்தான் பொறுப்பு. 2024 மார்ச்சில் அதே நிர்வாகம் சில கம்பெனிகளைக் கண்டித்தது. பச்சை குத்தவும், முடி அகற்றவும், காது மூக்கு குத்தவும் அவை விற்ற களிம்புகளில் 4 சதவீதத்துக்கு மேல் லிடோகைன் இருந்தது. 17 வருஷம் கழித்தும் அதே கதை! மருந்தை மருந்தாக விற்காமல் முகப்பவுடர்போல் விற்றால் இப்படித்தான் ஆகும். பச்சை குத்தும் கடையோ, அழகு நிலையமோ, களிம்பின் பெயரையும் சதவீதத்தையும் கேட்டவுடன் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் அங்கே உட்காரவே வேண்டாம்.

4 சதவீதத்துக்கு மேல் வேண்டுமானால் அது டாக்டர் சொல்ல வேண்டிய காரியம். கர்ப்பிணிகளும், இருதய நோயோ ஈரல் நோயோ உள்ளவர்களும் எந்தக் களிம்புக்கும் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது. மரத்துப்போக நேரம் பிடிக்கும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு இன்னொரு தடவை அப்பினால் சீக்கிரம் மரக்காது. உள்ளே போகும் மருந்துதான் கூடும். மரத்த இடத்தில் சூடு பட்டாலும் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில களிம்புகளில் பிரிலோகைன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அளவு கூடினால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குழந்தைக்கு எத்தனை கிராம் என்பதை எடையும் வயதும் பார்த்து டாக்டரே சொல்லட்டும்.

வாயைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், தலைசுற்றல், உளறல், கை கால் வெட்டி இழுப்பது இவையெல்லாம் அபாய அறிகுறிகள். உடனே களிம்பைத் துடைத்துக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தக் களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துப்போகவேண்டும். என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று டாக்டர் முதலில் கேட்பார்.