பெரிய மீனைக் கடலுக்கே விடுவோம்

விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் செல்வோருள் தூண்டிலோடு செல்வோரும் இன்று உளர். அவர்கள் நாடுவது பெரும்பாலும் ஒரே மீனைத்தான். பாறை மீன் இனங்களுள் மிகப் பெரியதான அதை ஜயன்ட் டிரெவல்லி என்பர். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். 70 கிலோவைத் தாண்டியும் பிடிபட்டதுண்டு.

"திரும்ப விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும்?" என்னும் கேள்வி நியாயமானதே. ஆயினும், பிடிப்பதே இன்பம் எனக் கொள்வோர், பெரிய மீனைக் கட்டாயம் கடலுக்கே விட வேண்டும் என்பது நம் கருத்து. இம்மீன் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வளர்ந்த பின்னரே இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெறுகிறது. ஒரு மீட்டரைக் கடந்த பெண் மீன் இடும் முட்டைகளோ இளம் மீன் இடுவதைப் போலப் பன்மடங்கு. சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை வெட்டுவது, வட்டியை விட்டுவிட்டு முதலை எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பாகும். கடல் நமக்குப் பாஸ்புக் தருவதுமில்லை. இருப்புக் குறைந்தால் குறுஞ்செய்தியும் வாராது.

விட்டால் மட்டும் போதாது, விடும் முறையும் வேண்டும். மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடவிட்டால் மீன் சோர்ந்து, விட்ட பின்னும் மடியக்கூடும். ஆகவே வலிய நரம்பே நன்று. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேனியிலுள்ள வழவழப்பை அழித்துவிடும். தாடையில் தொங்கவிட்டு எடுக்கும் புகைப்படம் வேண்டவே வேண்டாம். வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடித்து, ஒரு படம் எடுத்து, நீரில் இறக்கி, அது தானே வாலை வீசும்வரை பிடித்திருக்க வேண்டும்.

வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலும், 1996இல் அமைந்த ராணி ஜான்சி பூங்காவிலும் மீன்பிடிக்கத் தடையுண்டு. அறுந்த நரம்பைப் பவளப்பாறையில் விட்டு வருவதும் சிறிய குற்றமன்று. உண்ண மீன் வேண்டுமெனில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் சந்தையில் உள்ளூர் மீனவரிடம் வாங்கலாம். அவர்க்கும் அது வருவாய்.

படகுக்கு முன்பணம் செலுத்துமுன், உரிமம் உள்ளதா, முட்கள் நசுக்கப்பட்டவையா எனக் கேட்டறிக. "எவ்வளவு பெரிய மீனானாலும் நீங்களே கொண்டு செல்லலாம்" என்பதே விளம்பரமாயின், அப்பணத்தை வேறொரு படகுக்குச் செலுத்துக.