கல்யாண வேலையில் கைவிட்ட கம்ப்யூட்டர்



போன தடவை மிக்ஸி பிளேடு பற்றி எழுதினேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர்! "அடுப்படியில் இருப்பவளுக்கு இது எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கு விளங்காதா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பொருள் அல்ல. உத்திரமேரூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுத்தால், பெரியவன் அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பான். அதில்தான் அவனுக்கு வருமானம். ரெடிமேடாக வாங்கினால் விலை அதிகம் என்று, செங்கல்பட்டு வரை பஸ், அப்புறம் மின்சார ரயில் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பாகம் பாகமாக வாங்கி வந்தான். கூடத்தில் பாயை விரித்து, நான் டார்ச் லைட் பிடிக்க, அவனே பூட்டினான். ஒன்றரை வருஷம் பசு மாதிரி உழைத்தது.

இந்தச் சித்திரையில்தான் வினை ஆரம்பித்தது. சும்மா பாட்டுக் கேட்டால், கடிதம் அடித்தால் ஒன்றும் ஆகாது. முழு வீடியோவையும் சேர்த்து ஃபைலாக மாற்றுகிற பெரிய வேலை வந்தால் மட்டும் படம் அப்படியே உறைந்துவிடும். மவுஸ் அசையாது, விசைப்பலகை கேட்காது. ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். மூன்று மணி நேர வேலை போச்சு!

"ராத்திரி பூரா கேம் ஆடினா எப்படி ஓடும்? ஒழுங்கா வேலைக்குப் போடான்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவர். "நான் கேம் ஆடலப்பா" என்றான் இவன். அத்தோடு அப்பாவும் பிள்ளையும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சோறு போடுவது மட்டும் நான். நடுவில் தூது போவதும் நான்.

பக்கத்து டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனான். ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு, "சூட்டுல மதர்போர்டு அடி வாங்கிடுச்சு. பிராசஸரோட சேர்த்து மாத்தணும், 18,000 ஆகும்" என்றார்களாம். என்னிடம் சீட்டு எடுத்த பணம் 20,000 இருந்தது. சின்னவளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்தது. ஆனியில் ஒரு கல்யாண வீடியோ கொடுக்க வேண்டும், முன்பணம் வாங்கியாகிவிட்டது. பீரோவைத் திறந்தவள், ஒரு நிமிஷம் நின்றேன். வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்று வலி என்றால், என்ன சாப்பிட்டது, எப்போது வலித்தது என்று கேட்காமலா மருந்து கொடுப்போம்?

"ஒரு வாரம் பொறுடா கண்ணு. ஒவ்வொரு தடவை நிக்கிறப்பவும் எழுதி வைப்போம்" என்றேன். பால் கணக்கு எழுதும் காலண்டரில் இன்னொரு கணக்கு ஏறியது. மணி என்ன, என்ன வேலை ஓடியது, சூடு எத்தனை டிகிரி, கரண்ட் எத்தனை வோல்ட்.

முதல் சந்தேகம் சூடு. அக்னி நட்சத்திரத்தில் மனுஷனே மயங்கி விழும்போது மெஷின் என்ன செய்யும்? பக்கத்து மூடியைக் கழற்றினால், ஐயோ, காற்றாடியிலும் அதன் கீழே இருக்கிற தகடுகளிலும் தூசி பஞ்சு மெத்தை மாதிரி! ரோட்டோரத்து வீடு அல்லவா? காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். பிராசஸருக்கும் காற்றாடிக்கும் நடுவில் தடவுகிற பசை காய்ந்து கட்டியாகியிருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைத்தான். வேலையின்போது 94 டிகிரி போய்க்கொண்டிருந்தது 70-க்கு இறங்கியது. பல பிராசஸர்களுக்கு 95-லிருந்து 100 டிகிரி வரைதான் எல்லை. அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அதையும் மீறினால் தானே அணைந்துவிடுமாம்.

தீர்ந்தது என்று கேசரி கிளறினேன். மூன்றாம் நாள் மறுபடி நின்றது!

அதுவும் எப்போது? ராத்திரி நல்ல மழை. விடிகாலை 5 மணி, போர்வை கேட்கிற குளிர். காலண்டரில் எழுதப் போனபோது எனக்குப் பொறி தட்டியது. சூடு 66 டிகிரிதான். "இது சூட்டு வியாதி இல்லடா" என்றேன்.

அடுத்த சந்தேகம் கரண்ட். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு உண்டு. அதில் ஒவ்வொரு தடவையும் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. 'பவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும், எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைப் பெட்டியை மாற்றணும் என்று குதித்தான். அப்புறம் நிதானமாகப் படித்தால், முறைப்படி மூடாமல் கம்ப்யூட்டர் அணைந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் குறிப்பு. ஸ்விட்சை அணைத்ததே நாம்தானே! ஸ்டெபிலைசரிலும் வோல்டேஜ் இறங்கவில்லை. ஒரு நாளைக்குச் சிநேகிதனிடம் வேறு பவர் சப்ளை இரவல் வாங்கிப் பூட்டியும் நின்றது. ஆக, அதுவும் இல்லை.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்து, சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். 35 வயதுக்குக் கீழா, 70-க்கு மேலா, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரா, அவர்களையெல்லாம் முதலில் விலக்கிவிட்டு, மீதிப் பேரின் ஓலையைத்தான் குடத்தில் போட வேண்டும். நாங்களும் அந்த வழிதான். சூடு இல்லை, கரண்ட் இல்லை. குடத்தில் மீதி இருந்த முதல் ஓலை, ராம் என்கிற மெமரி கார்டு.

'மெம்டெஸ்ட்86' என்று இலவசப் புரோகிராம் ஒன்று இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் ஆரம்பிக்கும் முன்பே ஓடவிட வேண்டும். மெமரியின் மூலை முடுக்கெல்லாம் எழுதிப் பார்த்து, எழுதியதே திரும்ப வருகிறதா என்று சோதிக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் வாசல் தெளிக்க எழுந்தவள் திரையைப் பார்த்தால் சிவப்பு வரிகள்! ஒரே ஒரு பிழை வந்தாலும் சரியில்லை என்றுதான் அர்த்தம். எங்களுக்கு நூற்றுக்கு மேல்.

உடனே "கார்டு போச்சு" என்று சொல்லிவிடக் கூடாது. அது உட்காருகிற பள்ளமும் பழுதாக இருக்கலாமே? எங்களுக்கு இரண்டு கார்டு, ஒவ்வொன்றும் 8 ஜிபி. ஒவ்வொன்றையும் தனியாக, இரண்டு பள்ளத்திலும் மாற்றி மாற்றிச் சோதித்தான். ஒரு கார்டு எங்கே போட்டாலும் சுத்தம். இன்னொன்று எங்கே போட்டாலும் சிவப்பு. பிழை கார்டோடு கூடவே போனது. ஆகவே மதர்போர்டு நிரபராதி!

அப்படியானால் பெரிய வேலையில் மட்டும் ஏன் நின்றது? நம் வீட்டுப் பரணையே பாருங்கள். தினசரிக்கு நாலு பாத்திரம் போதும். கீழ்த் தட்டோடு முடிந்துவிடும். கல்யாணம் என்றால்தான் மேல் பலகை வரை அண்டா குண்டா ஏறும். அந்தப் பலகையில் ஒரு மூலை உளுத்திருந்தால் அன்றைக்குத்தான் தெரியும். பாட்டுக் கேட்க 4 ஜிபி போதும். வீடியோ வேலைக்கு 14 ஜிபி பிடித்தது. அப்போதுதான் உளுத்த மூலையில் கை பட்டது. பாரம் ஏறும்போது தெரிகிற பழுதெல்லாம் பாரத்தால் வந்ததல்ல. பழுது முன்பே இருக்கும். பாரம் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இது அபூர்வமும் அல்ல. கூகுள் நிறுவனத்தின் ஏராளமான கம்ப்யூட்டர்களை இரண்டரை வருஷம் கவனித்து, 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு வருஷத்தில் 100 கார்டுகளில் 8-க்கு மேல் ஏதாவது பிழை காட்டினவாம். அந்தப் பிழைகளில் சூட்டின் பங்கு, நினைத்ததைவிட ரொம்பக் குறைவு என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நாமோ வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

கெட்ட கார்டை எடுத்துவிட்டு, நல்லது ஒன்றை மட்டும் வைத்து, மெதுவாகவேனும் அந்த ஆனி மாச வீடியோவைச் சொன்ன தேதிக்கு முடித்தான். ரிச்சி தெரு பில், பீரோவில் என் பட்டுப்புடவை மடிப்பில் பத்திரமாக இருந்தது. உத்தரவாதம் பாக்கி இருந்ததால் மூன்று வாரத்தில் புதுக் கார்டு வந்தது. செலவு: பசையும் கூரியரும். சீட்டுப் பணம் சின்னவளின் ஃபீஸுக்கே போனது.

நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். கார்டைத் தொடுமுன் கேபினட்டின் இரும்பைத் தொடுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது.

2. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

3. தூசி தட்டும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எது பழுது என்றே தெரியாது.

5. கார்டைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். பயாஸில் மெமரி வேகத்தை ஏற்றி வைத்திருந்தால் சாதாரண வேகத்துக்கு இறக்கி, மறுபடி சோதியுங்கள். சில சமயம் அதோடு சரியாகும்.

6. மெமரி கெட்டிருந்தால் சேமிக்கும் ஃபைலும் கெடலாம். சரியாகும்வரை முக்கியமானவற்றின் ஒரிஜினலைத் தனி டிஸ்கில் வையுங்கள்.

7. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்!

அவர் என்ன செய்தார் என்கிறீர்களா? "தப்பு என் மேல" என்று சொல்லுகிற ரகம் அல்ல அவர். மறுநாள் ஆசாரியிடம் சொல்லி ஒரு குட்டி முக்காலி செய்து வந்து, "தரையில வெச்சா தூசிதான் ஏறும். இது மேல வைடா" என்றார். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "சரிப்பா" என்றான் இவன்.

அன்றைக்குக் கேசரிக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டேன்.