மிதவைக்கு 1,500 ரூபாய், பூங்காவுக்கு 127 கோடி

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூர் கடல்பாசிப் பூங்காவைப் பற்றி இனியும் நயமாக எழுத மனம் வரவில்லை. 2021 பிப்ரவரி ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 127.71 கோடி ரூபாய். அதன் பிறகான கதையை வாசகர்கள் தொடர்ந்து படித்தே வருகிறார்கள். பூங்கா எப்போது முழுதாக இயங்கும் என்பதுகூட இப்போது நம் கவலை இல்லை. பூங்காவுக்கு இவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்த அதே கை, பாம்பன் தீவில் இடுப்பளவு நீரில் நின்று பாசி வளர்க்கும் பெண்ணுக்கு எவ்வளவு அளந்தது என்பதே நமது கேள்வி.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடல்பாசிக்கென்று 640 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் 46,095 மூங்கில் மிதவைகளுக்கு ஒப்புதல் தந்ததாகப் பெருமையுடன் அறிவித்தார்கள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் ஒரு மிதவைக்குத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் வைத்திருக்கும் தொகை, இடுபொருள் உட்பட, 1,500 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 7 கோடி ரூபாய்கூடத் தேறாது. அதிலும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மானியம் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40. எல்லோருக்குமே 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் இந்த மிதவைகள் அத்தனைக்குமான மானியம் நாலேகால் கோடிக்குள் அடங்கிவிடும். ஒற்றைப் பூங்காவுக்கு 127 கோடி!

ஒற்றைக் கயிறு, குழாய்வலை முறைகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 8,000 ரூபாய் என்று தனிக் கணக்கு இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பாக் நீரிணையின் அலை குறைந்த கரைகளில் பெண்கள் கட்டுவது பெரும்பாலும் மூங்கில் மிதவைதான். அந்த மிதவையை இந்த 1,500 ரூபாயைத் தீர்மானித்தவர்கள் ஒருமுறையாவது கிட்ட நின்று பார்த்திருக்கிறார்களா?

12 அடிக்கு 12 அடி சதுரம். நான்கு பெரிய மூங்கில்கள், மூலைக்கு ஒன்றாக நான்கு குறுக்குக் கழிகள். குறுக்கே 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது இடத்தில் மெல்லிய நூல் முடிச்சு. முடிச்சுக்கு 150 கிராம் வீதம் பாசிக் கொத்தைக் கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். வெயில் ஏறினால் கொத்து வாடிவிடும் என்பதால் அந்த வேலைக்கு விடியலிலேயே உட்கார்ந்தாக வேண்டும். ஆக மொத்தம் மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. மீன் கடித்துத் தின்னாமல் இருக்க அடியில் வலை. இழுத்துப் போகாமல் இருக்க நங்கூரம், நங்கூரக் கயிறு. 45 நாளில், எல்லாம் கூடி வந்தால், 260 கிலோவரை அறுக்கலாம். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைத்தால் கையில் நிற்பது 20 கிலோ சொச்சம். வாடைக் காற்று எழுந்துவிட்டால் மிதவைகளைக் கரையேற்றிவிட்டு மாதக்கணக்கில் சும்மா உட்கார வேண்டியதுதான். சித்திரை வைகாசியில் கடல் நீர் சூடேறினால் பாசி வெளுத்து உதிர்ந்துபோகும்.

இத்தனைக்கும் 1,500 ரூபாய் போதும் என்று எழுதியவர்கள் ராமேஸ்வரத்தில் ஒரு மூங்கில் என்ன விலை என்று விசாரித்திருக்க வேண்டாமா? தீவில் மூங்கில் விளைவதில்லை. கழி, கயிறு, வலை எல்லாமே பாம்பன் பாலம் தாண்டித்தான் வந்தாக வேண்டும். வண்டி வாடகையும் சுமைகூலியும் சேர்ந்துகொள்ளும். கன்னியாகுமரி முதல் குஜராத் வரை எல்லாக் கரைக்கும் ஒரே விலை போட்டவர்களின் பட்டியலில் தீவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இந்த விலைக்குள் அடங்காத செலவு அத்தனையும், 600 ரூபாய் 'பயனாளி பங்கு'க்கு மேல், அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அதற்கு அவர் போய் நிற்பது மானியம் தரும் அலுவலகத்தின் வாசலில் இல்லை, வட்டிக்குக் கொடுப்பவரின் வாசலில்.

பூங்கா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெப்பம் தாங்கும் விதைக்கு ஆய்வகம் தேவைதான். விதை வங்கியும் தேவைதான். தேவை என்பதற்காக, மிதவைகள் அத்தனைக்குமான தொகையைப் போல் பதினெட்டு மடங்கா?

கடல்பாசியில் அரசுகள் சறுக்குவது இது முதல்முறை அல்ல. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் தலைமுறைகளாக அந்தத் தீவுகளில் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எடுத்து வந்த பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. பெண்களே கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, ஏப்ரல் முதல் ஜூன்வரை கடலில் இறங்குவதே இல்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் கடல் கடந்து சீகாலஜி விருது கிடைத்தது. இங்கே உள்ள அதிகாரிகளுக்கோ அந்தப் பெண்கள் அத்துமீறி நுழைபவர்கள்!

பிறகு, மாற்று வேலை என்று சொல்லிக் கப்பாஃபைகஸ் என்ற அயல் பாசியை அறிமுகப்படுத்தினார்கள். மண்டபத்தில் இருந்த மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிலையம் அதை வளர்த்துக் காட்டியது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி ஒப்பந்தம் போட்டுக் கொள்முதல் செய்ய வந்தது. 2008இல் அது கைமாற்றிவிட்டு விலகிக்கொண்டது. அதே ஆண்டுவாக்கில் குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்பதற்கு 2005இலேயே அரசாணை இருந்தது. ஆணையைக் கண்காணிக்க ஆள்தான் இல்லை. 2013இல் வெப்பத்தால் பாசி கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, மிதவை வைத்திருந்த பெண்கள் கைவிடப்பட்டார்கள். இத்தனை அடிக்குப் பிறகு 2025க்குள் ஆண்டுக்கு 11.2 லட்சம் டன் என்று இலக்கு வைத்தார்களே, அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். விளைச்சல் இலக்கின் பக்கம்கூட வரவில்லை.

யூனிட் தொகையை உயர்த்தவே முடியாது என்றும் யாரும் கதை சொல்ல வேண்டாம். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை விழா எடுத்துத் தொடங்கினார்கள். மூன்றாண்டில் 2,000 படகுகள், படகுக்கு 80 லட்சம், 70 சதவீதம் மானியம். பாக் நீரிணை மீனவர் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்று பேசினார்கள். 2,000 எங்கே, இறங்கிய படகுகள் எங்கே? அடுத்து வந்த மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் யூனிட் தொகை 1.20 கோடியாக உயர்ந்தது. படகு என்றால் விலைவாசி ஏறும், மிதவை என்றால் ஏறாது போலிருக்கிறது. படகு வாங்க ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள், மிதவை கட்டப் பெண்கள் நிற்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

சென்னை ஆழ்வார்பேட்டையிலிருந்து சேமியர்ஸ் சாலையில் நேராகப் போனால் நந்தனம், மாநில மீன்வளத் துறையின் தலைமையகம். அந்தச் சாலைக்கு இப்போதுள்ள பெயரே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை, ராமநாதபுரத்துக்காரரின் பெயர். தினமும் அதில் காரில் போய் வருகிறவர்களுக்கு அந்த மாவட்டத்தின் கடைக்கோடித் தீவு ஏன் நினைவுக்கு வருவதில்லை? டெல்லி போட்ட தொகை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று இவர்கள் கைவிரிக்கிறார்கள். மாநிலம் கேட்கவில்லையே என்று டெல்லி சொல்கிறது. மானியத்தில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு, அலட்சியத்திலும் உண்டு. இந்தப் பெண்கள் வளர்க்கும் பாசியின் சாறுதான் மானாமதுரையில் இருந்து 'சாகரிகா' என்ற பெயரில் வயலுக்குப் போகிறது. இயற்கைக்கு இசைந்த வேளாண்மை என்று மேடையில் அதைப் பாராட்டுகிறவர்கள் அது யார் கையால் கட்டிய பாசி என்று சொல்வதில்லை.

யூனிட் தொகையைத் திருத்தியாக வேண்டும். தீவுக்கு என்று தனிக் கணக்கு வேண்டும். பாசி மடிந்தால் தாங்கிப்பிடிக்க ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். எப்படி, எந்தத் தலைப்பில், எந்தக் கோப்பில் என்பதெல்லாம் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை. வாடை ஓய்ந்து தை பிறந்ததும் சம்பையிலும் மாங்காட்டிலும் மிதவை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் ஒரு அதிகாரியாவது தீவுக்குப் போய் மூங்கில் விலை கேட்டுவிட்டு வரட்டும்.