ஆறு படங்களுக்குள் அடைபட்ட நாடு: சுற்றுலாத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுற்றுலாத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



நம் நாட்டை வெளியுலகுக்கு விற்கும் விளம்பரங்களில் எதை எடுத்தாலும் திரும்பத் திரும்ப அதே ஆறு படங்கள்தான் வருகின்றன. சிகிரியாக் குன்று. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போகும் நீல நிற ரயில். யாலவில் மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தை. பின்னவலவில் ஆற்றில் இறங்கும் யானைகள். தென்கரையில் கழியில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண். இந்த ஆறில் சிகிரியா ஒன்றுதான் இன்றும் தன் பெயருக்கு ஈடாக நிற்கிறது என்பது என் கருத்து. மற்ற ஐந்தும் அளவுக்கு மீறிப் புகழப்பட்டு, அந்தப் புகழாலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லோரையும் அந்தச் சில இடங்களுக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். இடம் நசுங்குகிறது, வந்தவர் ஏமாறுகிறார், அங்கே வாழ்கிறவருக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். எதை விளம்பரப்படுத்துவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பதுளை மாவட்டத்துக்காரி. ஆகவே பாலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எல்லவுக்கு அருகே 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம் அது. கல்லும் செங்கலும் சீமெந்துமாக, சுமார் 90 மீற்றர் நீளத்தில், 25 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி நிற்கிறது. நல்ல வேலைப்பாடு. ஆனால் இந்த மலை ரயில் பாதையின் பெரிய வியப்பு அதுவல்ல. பாலத்தைக் கடந்ததும் வரும் தெமோதரை நிலையத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். சரிவின் கடுமையைச் சமாளிக்க, பாதையை ஒரு முழு வட்டமாகச் சுற்றவிட்டு, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேடையில் நின்று புறப்பட்ட ரயில் சற்று நேரத்தில் அதே மேடைக்குக் கீழால் போகும். 1924 இல் பதுளைவரை இந்தப் பாதையை இழுத்து முடித்த கூலித் தொழிலாளர்களின் உழைப்பை அங்கே நின்றால் உணரலாம். அங்கே நிற்பவர் சிலர். பாலத்திலோ நூற்றுக்கணக்கானோர் தண்டவாளத்திலேயே குந்தியிருக்கிறார்கள். ரயில் வரும்போது விசில் ஊதி ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு படம் எடுத்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பாலத்துக்கு இறங்கும் சரிவுகளில் ஆட்கள் ஏறி இறங்கி மண் தோல் உரிந்து கிடக்கிறது.

அந்த ஒரு படத்துக்காக எங்கள் கோச்சியையே இழந்துவிட்டோம் என்று இங்குள்ளவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்ல செல்லும் ரயிலின் முன்பதிவு ஆசனங்கள் இணையத்தில் திறந்த கையோடு தீர்ந்துபோவதும், பிறகு அவையே பல மடங்கு விலைக்கு வெளியில் கிடைப்பதும் நாடறிந்த விடயம். விசாரணையும் நடந்தது. அப்புத்தளையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற தாய்க்கும், கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போகிற தகப்பனுக்கும் அந்த ரயில் காட்சிப் பொருள் அல்ல, போக்குவரத்து. அவர்கள் மணிக்கணக்காக நின்றுகொண்டு போகிறார்கள். வாசற்படியில் தொங்கிப் படமெடுக்கப் போய் விழுந்து இறந்தவர்களின் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. ஆனாலும் கதவில் சாய்ந்து கை விரித்து நிற்கும் அந்தத் தோற்றம்தான் இன்றும் மலைநாட்டுப் பயணத்தின் அடையாளமாக விற்கப்படுகிறது.

இதில் என்னை அதிகம் அச்சுறுத்துவது எல்லவின் சரிவுகள். ஒரு சந்தியும் நாலு கடையுமாக இருந்த ஊரில் இன்று மலையைச் செங்குத்தாக வெட்டி, தூண் நிறுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக விடுதிகள் நிற்கின்றன. எல்லா விடுதிக்கும் அதே காட்சி வேண்டும், அதனால் எல்லாமே அதே சரிவில். இது எந்த மாவட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசைகளை மூடியது இதே பதுளை மாவட்டத்தில்தான். அங்கே ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. எத்தனை பேர் வர வேண்டும் என்று ஆண்டுதோறும் இலக்கு வைக்கும் உங்கள் அமைச்சு, ஒரு சரிவு எத்தனை கட்டடத்தைத் தாங்கும் என்ற கணக்கையும் அதே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கூடை சுமந்த அந்தப் பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். பல தோட்டங்களில் இப்போது கூடையே இல்லை, முதுகில் சாக்குத்தான் தொங்குகிறது. பார்வைத் தலங்களில் கூடையோடு நின்று படத்துக்குச் சிரித்து, தருவதை வாங்கிக்கொள்ளும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தென்கரையில் கழியேறி அமர்ந்து, மீனுக்குப் பதில் படக் காசுக்குக் காத்திருக்கும் மனிதரையும் குறை சொல்ல மாட்டேன். வருமானம் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் போவார்கள். என் கேள்வி உங்களிடம். 2023 இல் மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்தோம். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயானதும் 2024 இல் 1,350 ஆனதும் எத்தனை போராட்டத்துக்குப் பின் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லவில் வெளிநாட்டவர் நடமாடும் உணவகத்தில் ஒருவரின் காலைச் சாப்பாட்டுக்கே அந்தத் தொகை போய்விடும். காட்சி என்று நாம் விற்பது அந்த மக்கள் வெட்டித் திருத்திய மலை. அவர்களுடைய முகமும் விளம்பரத்தில் இருக்கிறது. அந்த வருமானத்தில் அவர்களுக்கு உரிய பங்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் எழுதப்படவில்லை.

பின்னவல விடயத்தில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. அதை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

1975 இல் வனஜீவராசிகள் திணைக்களம் தாயிழந்த யானைக் குட்டிகள் சிலவற்றைப் பராமரிக்க அதைத் தொடங்கியது. அந்த நோக்கம் உயர்ந்தது. 1978 இல் அது மிருகக்காட்சிச்சாலையை நடத்தும் திணைக்களத்தின் கைக்குப் போயிற்று. 1982 இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது. இன்று அங்கிருக்கும் சுமார் 70 யானைகளில் பல அங்கேயே பிறந்தவை. 2021 இல் இரட்டைக் குட்டிகள்கூடப் பிறந்தன. கண்ணிவெடியில் பாதம் இழந்த சாமா போன்ற யானைகளுக்கு மனிதப் பராமரிப்புத் தேவை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே பிறந்து வளரும் குட்டிக்குக் காடு இல்லை. சங்கிலியும் அங்குசமும் இருக்கின்றன, இரு பக்கமும் கடைகள் நிற்கும் தெரு வழியாக மகா ஓயாவுக்கு ஒரு நடை இருக்கிறது, காசு கொடுத்துப் பழம் ஊட்ட வருகிறவர்களின் வரிசை இருக்கிறது. அனாதைகளைக் காக்கும் இடம் என்று நம்பி வரும் பயணி, தன் பணம் யானையைக் காப்பாற்றியது என்ற எண்ணத்தோடு திரும்புகிறார். அந்த எண்ணம் பொய்யானது. அரசின் பெயரால் அப்படி ஒரு பொய் சொல்லப்படக் கூடாது.

அனாதைக் குட்டிகளைக் காக்கும் வேலை உண்மையில் நடக்கும் இடம் உடவளவையில் இருக்கிறது. 1995 இல் அதே வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் அது. தாயிழந்தும் காயப்பட்டும் வரும் குட்டிகளுக்கு மூன்று மணிக்கொரு தடவை பாலூட்டி, மனிதரோடு ஒட்டாமல் வளர்த்து, உரிய வயது வந்ததும் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. பார்வையாளர் தள்ளி ஒரு மேடையில் இருந்து பாலூட்டுவதைப் பார்க்கலாம். தொட முடியாது, பழம் கொடுக்க முடியாது. அது கெடுபிடி என்று சிலருக்குத் தோன்றலாம், ஆனால் குட்டி காட்டுக்குத் திரும்பிப் பிழைப்பது அந்த இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. அண்மைக் காலத்தில் 400 க்கும் மேற்பட்ட காட்டு யானைகளை இழந்த ஆண்டுகள் இருக்கின்றன. 2023 இல் யானை தாக்கி இறந்த மனிதர் மட்டும் 150 க்கு மேல். யானையின் நாடு என்று உலகுக்குச் சொல்லிக்கொள்ளும் நாம், இந்த உண்மையோடு சேர்த்து உடவளவையைக் காட்டினால் அதில் ஒரு நேர்மை இருக்கும்.

யாலவில் சிக்கல் வேறு வகை. அந்தத் தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பு 979 சதுர கிலோமீற்றர். அதில் சுமார் 140 சதுர கிலோமீற்றர் உள்ள முதலாம் வலயத்துக்கே ஏறத்தாழ எல்லா ஜீப்களும் போகின்றன. விடியற்காலையில் நுழைவாயிலில் வரிசை. உள்ளே ஒரு சிறுத்தை தென்பட்டால் சாரதிகளிடையே தொலைபேசி பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் புழுதியும் டீசல் புகையுமாக ஜீப்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பின்னால் இருப்பவர் பார்ப்பது முன் ஜீப்பில் இருப்பவரின் முதுகை. சாரதியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஜீப்புக்கு லீசிங் கட்ட வேண்டும், சிறுத்தை காட்டினால்தான் கைக்காசு. அவருக்கு அபராதம் போடுவதால் மட்டும் இது தீராது. நேரம் பிரித்து, ஒரு நேரத்துக்கு இத்தனை வாகனம்தான் என்று கட்டி, முன்பதிவில்லாமல் உள்ளே விடாமல் இருந்தால் அவருக்கும் நிதானமாக ஓட்ட வழி கிடைக்கும். நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்காவான வில்பத்து, வில்லு எனப்படும் தன் இயற்கை ஏரிகளோடு அமைதியாக இருக்கிறது. அங்கே அனுப்பலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். இந்த வரம்பை முதலில் அங்கே வைத்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் இன்னும் பத்து ஆண்டில் வில்பத்துவும் யாலவாகிவிடும்.

அந்த ஆறு படங்களுக்கு வெளியேயும் இதே கதைதான். மின்னேரியாவை நினைத்தால் வேதனை. மகாசேனன் என்ற மன்னன் கட்டிய அந்தக் குளம் வற்றும் மாதங்களில், நீர் பின்வாங்கிய நிலத்தில் முளைக்கும் இளம் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். ஆசியாவில் அதற்கு நிகரான காட்சி அரிது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு வரட்சிக் காலத்திலும் குளத்தில் நீர் உயர்ந்து நின்று புல்வெளி மூழ்கிய ஆண்டுகள் உண்டு. விளம்பரம் மட்டும் அப்படியே தொடர்கிறது. விவசாயிக்கு நீர் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் எந்த மாதம் எவ்வளவு நீரை நிறுத்துவது என்று நீர்ப்பாசனத்துக்கும் மகாவலிக்கும் பொறுப்பானவர்களோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் சுற்றுலா அமைச்சர் இருக்க வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளி பற்றி ஒரு வார்த்தை. உலக முடிவு என்ற அந்த மலை விளிம்பை நோக்கி எல்லோரும் ஓடுகிறார்கள். காலை பிந்திப் போனால் மூடுபனி மூடி வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. மகாவலியும் களனியும் வளவையும் நீர் பெறும் மலைக்காடு அது. 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் பகுதி. அதை நடந்து பார்ப்பதற்கு ஏற்றபடி விளக்கிச் சொன்னால், பனி மூடிய நாளிலும் வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

எல்லவில் விடுதி நடத்துபவர்கள் இதைப் படித்தால் என்மேல் கோபப்படலாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பிலிருந்து பெருந்தொற்று, 2022 இன் பொருளாதார வீழ்ச்சி என்று அடிமேல் அடி வாங்கியவர்கள் அவர்கள். 2018 இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டி வந்தார்கள். விடுதிக்காரர்களுக்குத் தொழில் குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்துவிட்டு மறுநாள் காலையில் பெட்டி கட்டுகிற ஆளை நம்பி எத்தனை காலம் விடுதி நடத்துவது? தெமோதரைக்கும் அப்புத்தளைக்கும் தம்பேதென்னவுக்கும் நடந்து, தோட்டத்து வீட்டில் சாப்பிட்டு, மூன்று நாள் தங்குகிற ஆள்தான் அவர்களுக்கும் நல்லது, மலைக்கும் நல்லது.

அடுத்த விளம்பர ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன் சிலவற்றைச் செய்ய உங்களால் முடியும். பின்னவலவை அதிலிருந்து நீக்குங்கள். யாலவில் வாகன வரம்பை எழுத்தில் வையுங்கள், மீறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். மலைநாட்டு ரயிலில் உள்ளூர்ப் பயணிகளுக்கென்று ஒரு பங்கு ஆசனத்தை ஒதுக்கும்படி போக்குவரத்து அமைச்சரிடம் கேளுங்கள். எல்லவில் புதிய கட்டட அனுமதிகளை மண்சரிவு வரைபடத்தோடு ஒப்பிட்டு மறுபார்வை செய்யச் சொல்லுங்கள். தோட்டத்துப் பெண்கள் தாங்களே வழிகாட்டிகளாகவும் தங்குமிடம் நடத்துபவர்களாகவும் பதிவு பெறுவதற்குத் தமிழிலேயே பயிற்சி கொடுங்கள். அதோடு, யாலவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் பின்னவலவிலும் ஓராண்டில் நுழைவுச்சீட்டால் வந்த பணம் எவ்வளவு, அதில் அந்தந்த இடத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் திரும்பிய பணம் எவ்வளவு என்பதை மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு உங்களுக்கு மறுபடியும் எழுதுவேன்.

இவ்வண்ணம்,
பதுளை மாவட்டத்திலிருந்து ஒரு குடிமகள்